பாவு பிணைக்கிறவரும் பன்னாட்டுப் படிப்பும்

“இதப் படிச்சா என்னங்க சார் வேலை கெடைக்கும்?” பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் தகப்பன்மார் முதலில் கேட்பது இதைத்தான். சாமளாபுரம், சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம் பக்கத்துக்காரர்கள். எட்டுத் தறி, பத்துத் தறி போட்டுக் கூலிக்கு நெசவு செய்கிறவர்கள். இல்லையென்றால் பனியன் கம்பெனியில் டைலர், செக்கிங், அயர்னிங் என்று போகிறவர்கள். நர்சிங் அவர்களுக்குத் தெரியும், பி.காம். தெரியும். பன்னாட்டு உறவுகள் என்று சொன்னதும் முகத்தில் ஒரு தயக்கம். “தூதரகத்துல வேலைங்களா?” என்று அவர்களே ஒரு பதிலையும் எடுத்துக்கொடுப்பார்கள். “அதுவும் உண்டுங்க” என்று சொல்லிப் பல ஆண்டுகள் அனுப்பிவைத்திருக்கிறேன். அது பாதிப் பதில் என்பது எனக்குத் தெரியும். மீதியை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

தூதரகத்திலிருந்தே தொடங்கலாம். இத்தனை பெரிய நாட்டுக்கு இந்திய வெளியுறவுப் பணியில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். குடிமைப் பணித் தேர்வு வழியாக ஆண்டுதோறும் அதில் சேர்கிறவர்கள் சில பத்துப் பேர். அந்தத் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால் பொறியாளரும் மருத்துவரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் முனைவர் பட்டம் பெற்று, 1977இல் பணியில் சேர்ந்து, வெளியுறவுச் செயலராகி, 2019இல் வெளியுறவு அமைச்சராகவும் ஆன ஜெய்சங்கரை மாணவர்கள் உதாரணம் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்த ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை என்றே பொருள்.

இந்தப் படிப்பு நம் நாட்டில் வேர்விட்ட கதையே வேறு திசையைக் காட்டுகிறது. 1955இல் டெல்லியில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அதுதான் 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அந்தப் பள்ளியை முதலில் நடத்தியவர் ஏ. அப்பாதுரை. அவர் அதற்குமுன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1936இல் வெளியிட்ட பெரிய நூல், கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலை பற்றியது: வணிகக் குழுக்கள், சந்தைகள், சுங்கம், நெசவு. உலக அரசியலைக் கற்பிக்கப் போனவர் தன் மண்ணின் தறிவரியையும் சாத்துகளையும் படித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

எங்கள் நொய்யல் ஆற்றுக்கும் வெளிநாட்டுத் தொடர்பு புதிதல்ல. சாமளாபுரம் குளத்தைத் தாண்டி, திருப்பூரையும் கடந்து கீழே போனால், சென்னிமலைக்கு அருகில் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். கல்மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே அகழாய்வில் கிடைத்தன. நூல் நூற்ற தக்களி வில்லையும் கிடைத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சரக்கு போன பாதை இது. வகுப்பில் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை 1648 என்று ஆரம்பிக்கிறோம். கொடுமணலில் ஆரம்பித்தாலும் பாடம் கெட்டுப்போகாது.

அடுத்த கனவு ஐக்கிய நாடுகள் சபை. அந்த நீலக் கொடியின் மேல் எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கதவின் அளவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சிப் பணிக்குச் சம்பளம் கிடையாது. 2015இல் டேவிட் ஹைட் என்ற நியூசிலாந்து இளைஞர் ஜெனீவாவில் வாடகை கொடுக்க வழியில்லாமல் கூடாரத்தில் தங்கிப் பயிற்சிக்குப் போனது செய்தியாயிற்று. நியூசிலாந்துக்காரருக்கே அந்த நிலை என்றால், அம்மா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து படிக்கவைக்கும் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். இளநிலை அதிகாரி பதவிகளோ பெரும்பாலும் பணம் தரும் நாடுகளின் குடிமக்களுக்கே போகின்றன. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் மாதப்படி உண்டு, நம்மவர்கள் நுழைய அதுவே ஓரளவு நியாயமான வாசல். உலகத் தொழிலாளர் நிறுவனமும் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருகிறது.

உண்மையில் உலக மேடையில் நின்ற தமிழர்களைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த ச. இராசரத்தினம், லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், பட்டம் முடிக்காமல் பத்திரிகைக்காரரானவர். 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானார். 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இன்று உலகெங்குமிருந்து மாணவர்கள் போய்ச் சேரும் சிங்கப்பூர்ப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிக்கு அவர் பெயர்தான். இலங்கையின் ராதிகா குமாரசுவாமி சட்டம் படித்தவர். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றி 1994 முதல் 2003 வரை ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்து, பின்னர் போரில் சிக்கிய குழந்தைகளுக்கான துணைப் பொதுச்செயலர் பதவியை வகித்தார்.

நவநீதம் பிள்ளையின் வாழ்க்கையில் சற்று நிற்கத் தோன்றுகிறது. டர்பனில் 1941இல் பிறந்தவர். அப்பா பஸ் டிரைவர். நிறவெறி ஆட்சி நடந்தபோது, 1967இல், நேட்டால் மாகாணத்தில் வெள்ளையரல்லாத பெண்களில் முதல் ஆளாகத் தனியாக வக்கீல் அலுவலகம் திறந்தார். எந்த நிறுவனமும் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளாத காலம் அது. 1973இல் ராபன் தீவுச் சிறைக் கைதிகளுக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமையை வழக்காடி வாங்கித் தந்தார். பிறகு ருவாண்டா இனப்படுகொலை நீதிமன்றத்தில் நீதிபதி. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு செயலாகலாம் என்று 1998இல் அக்காயேசு வழக்கில் தீர்ப்பளித்த அமர்வில் அவர் இருந்தார். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். இம்மூவரும் பன்னாட்டு உறவுகளில் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். தங்கள் ஊரில் கண்ணெதிரே நடந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். அப்படிப் பிடித்துக்கொள்ள எங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று என் மாணவர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது.

திருப்பூருக்கு 1978இல் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளை டி-சட்டை தேடி வந்தார். 1981இல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்ட் ஏ வந்தது. உள்ளூர் பனியன், ஜட்டி தைத்துக்கொண்டிருந்த ஊர் ஏற்றுமதிக்குத் திரும்பியது அப்படித்தான். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. இன்று ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவில் பின்னலாடை வெளிநாடு போகிறது. 1974 முதல் 2004 முடிய, எந்த நாடு எத்தனை துணி அனுப்பலாம் என்பதைப் பன்னாட்டு இழை உடன்பாடும் அதைத் தொடர்ந்த உடன்பாடும் வகுத்த ஒதுக்கீடு நிர்ணயித்தது. ஜெனீவாவில் எழுதிய எண், அவிநாசி ரோட்டில் ஒருவரைக் கோடீஸ்வரராக்கியது, இன்னொருவரைக் கம்பெனியை மூடவைத்தது.

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 24 அன்று பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் ஆடைகளுக்கு அங்கே சுங்க வரியை நீக்க அதில் ஒப்புக்கொண்டார்கள். ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 27 முதல், அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி போட்டது. அந்த வாரம் டீக்கடையில் பேச்செல்லாம் அதுதான். கட்டிங் முடிந்த சரக்கை என்ன செய்வது, பையர் பாதி வரியை நம் தலையில் கட்டப் பார்க்கிறாரே, விலை குறைக்கச் சொன்னால் யார் கூலியில் கைவைப்பது. ஒப்பந்தத்தின் மூலவிதிப் பிரிவைப் படித்து, நூல் எங்கே வாங்கினால் வரிச்சலுகை கிடைக்கும், எங்கே வாங்கினால் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லும் ஆள் நடுத்தர, சிறிய கம்பெனிகளில் இல்லை. பெரிய கம்பெனிகள் டெல்லியிலிருந்து ஆலோசகரை வரவழைக்கின்றன. பின்னலாடைக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரி இங்கே இருக்கிறது; துணியைத் தெரிந்தவர்களை அது உருவாக்குகிறது. வணிக ஒப்பந்தத்தைத் தெரிந்தவர்களை எங்களைப் போன்ற கல்லூரிகள் உருவாக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. இதை ஓர் ஆசிரியனாக வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் வேலைக்கு வருகிறேன். கம்ப்ளையன்ஸ் என்று ஊரில் சொல்வார்கள். பையர் கேட்கும் தொழிலாளர் விதி, பாதுகாப்பு விதி, சுற்றுச்சூழல் விதி எல்லாம் கம்பெனியில் நடக்கிறதா என்று பார்த்துக் காகிதம் தயார் செய்யும் வேலை. எஸ்.ஏ. 8000, செடெக்ஸ், காட்ஸ் என்று சான்றிதழ், தணிக்கை முறைகளின் பெயர்கள் இங்கே பஸ்ஸில் வரும் பெண்களுக்கும் தெரியும். ஆங்கிலமும் தமிழும் தெரிந்து, மனித உரிமை ஒப்பந்தங்களைப் படித்த பட்டதாரிக்கு நல்ல சம்பளத்தில் கிடைக்கும் வேலை அது.

என் மாணவி ஒருத்திக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. தணிக்கைக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கு மொழிபெயர்க்கப் போவாள். ஆடிட் நாள் எப்படியிருக்கும் என்பதை அவள் சொல்லித்தான் நான் அறிந்தேன். காலையில் முதலுதவிப் பெட்டியில் புது மருந்து, கழிவறையில் புது சோப்பு, தீயணைப்பான் மேல் தூசி துடைத்த தடம். கூடுதல் நேரம் எழுதிய பதிவேடு ஒன்று உள்ளே, காட்டுவதற்கு ஒன்று வெளியே. தொழிலாளர்களைத் தனியறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். ஐம்பது வயது தாண்டிய ஒரு செக்கிங் அம்மாவிடம் தணிக்கையாளர் கேட்டாராம், விரும்பினால் இந்த வேலையை விட்டுவிட்டு நீங்கள் போகலாமா என்று. அந்த அம்மா கையிலிருந்த நூல் பிசிறைச் சுருட்டிக்கொண்டே சொன்னாராம்: “போலாமுங்க கண்ணு. போயி எங்கீங்க போறது?”

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஆம், இல்லை. ஆம் என்ற கட்டத்தில் குறி விழுந்தது. அன்றிரவு அவள் எனக்குப் போன் செய்து, “நான் சரியாத்தான் மொழிபெயர்த்தேனுங்களா சார்?” என்று கேட்டாள். வார்த்தைக்கு வார்த்தை சரி என்றேன். “அந்தம்மா சொன்னது அதுல இல்லையே சார்” என்றாள்.

இந்தத் துறையின் மிகப்பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது. சான்றிதழ் வாங்க விரும்புகிறவரே தணிக்கையாளருக்குக் காசு கொடுக்கும் ஏற்பாடு இது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அது எஸ்.ஏ. 8000 சான்று வாங்கியிருந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்திலும் தணிக்கை நடந்து முடிந்த கம்பெனிகள் இருந்தன. கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் போகாதே என்று நான் எந்த மாணவருக்கும் சொல்வதில்லை. நேர்மையான ஒரு கம்ப்ளையன்ஸ் அதிகாரி இருக்கும் இடத்தில் அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்கமாட்டார்கள், அதனால் உயிர் பிழைக்கும். ஆனால் யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போ என்று சொல்கிறேன்.

விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உரிய கவனச் சட்டம் 2024 ஜூலையில் வந்தது. அதை நீர்த்துப்போகச் செய்யும் முயற்சிகளும் கூடவே வந்தன. கட்டாய உழைப்பில் உருவான பொருளை விற்கக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2027 டிசம்பரில் அமலாக இருக்கிறது. நம் மில்கள் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த சுமங்கலித் திட்டம் பற்றி 2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை பையர்களை உலுக்கியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது: ஆடைத் தொழிலாளி ஜெயஸ்ரீ கதிரவேல் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்ட் எம் உள்ளிட்ட பன்னாட்டுத் தரப்புகளும் பெண் தொழிலாளர் மீதான வன்முறையைத் தடுக்கச் சேர்ந்து எழுதியது. பெண்களே நடத்தும் ஒரு தலித் தலைமைச் சங்கம், உலகின் மிகப்பெரிய பிராண்டுகளில் ஒன்றைப் பேச்சுவார்த்தைக்கு உட்காரவைத்தது. வேலை தரும் பன்னாட்டு நிறுவனங்களின் பட்டியலைக் காட்டிலும் இந்த ஒப்பந்தத்தின் வாசகத்தைத்தான் நான் மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். தெரிந்த ஊர், தெரிந்த வேலை, அதில் நிற்கும் பன்னாட்டுச் சட்டம்.

நொய்யலையும் இதே கண்ணோடு பார்க்கலாம். சாயக் கழிவால் ஒரத்துப்பாளையம் அணையே பாழாகி, கீழே விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்காடி, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விடாத முறைக்குத் திருப்பூர் மாறியது. அதற்கு ஆன செலவு, கடன், ஏமாற்று, கண்டுபிடிப்பு எல்லாமே உலகின் சாயத் தொழில் நகரங்களுக்குப் பாடம். அந்தப் பாடத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள்.

இனி ஆசிரியர்கள். இதை நான் ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் இந்தப் படிப்பை முடித்தவர்களில் கணிசமானவர்கள் என்னைப் போல வகுப்பறைக்குத்தான் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் வெளிநாடு போய்க் கற்பித்தது பழைய கதை. எத்தியோப்பியா, நைஜீரியா, மாலத்தீவு என்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார்கள். திரும்பி வந்தவர்களிடம் ஆப்பிரிக்காவைப் பற்றி எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு இருந்தது. அதை யாரும் உட்காரவைத்துக் கேட்டு எழுதவில்லை. உள்ளூரில் நிலைமை கடினம். கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கு ஆண்டு காத்திருக்கும் இளைஞர்கள், பன்னாட்டு உறவுகள் பட்டம் அரசியல் அறிவியலுக்கு இணையா என்ற சான்றுக்காக அலையும் நண்பர்கள். தமிழில் இந்தத் துறைக்கு வகுப்பில் வைத்து நடத்தத் தக்க நூல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை, அதாவது சங்கம் சேரும் உரிமையையும் கூட்டுப் பேச்சுவார்த்தை உரிமையையும், அந்த நிறுவனத்தைத் தொடங்கிய நாடுகளில் ஒன்றான இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதைத் தமிழில் தெளிவாக எழுதி ஒரு தறிக்காரரிடம் கொடுக்க முடியுமானால் அதுவும் உலகப் பணிதான்.

வகுப்பு எப்படியிருக்கலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சாமளாபுரம் என்ற பெயரை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் கேட்டது 2017 ஏப்ரல் 11 அன்று. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூட உச்ச நீதிமன்றம் சொன்னதும் கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. இங்கே பெண்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பெண்ணை அதிகாரி அறைந்த காட்சி எங்கும் பரவியது. சட்டம் ஒழுங்கு காப்பவர்களுக்கான நடத்தை நெறியை ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பரில் ஏற்றது. அதைப் பாடமாக நடத்தும் நாளில் நான் அந்தக் காட்சியைப் பற்றித்தான் பேசுவேன். ஒருமுறை முதல் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, “எங்கம்மா அன்னைக்கு அங்க உட்கார்ந்திருந்தாங்க சார்” என்றாள். அதன்பின் அந்த வகுப்பில் யாரும் தலையைக் குனிந்து நோட்டில் எழுதவில்லை. ஒருவருக்கொருவர் பேசினார்கள். தேவையான அளவுக்கு மட்டும் என்ற மூன்றாம் விதியின் பொருளை நான் விளக்கவேண்டியே வரவில்லை.

வெளிநாட்டு மேற்படிப்புக்கு வழிகள் இருக்கின்றன. செவனிங், எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த் உதவித்தொகை, பட்டியலினத்தாருக்கு நடுவண் அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை. ஆங்கிலத் தேர்வு ஒன்றின் கட்டணமே ஒரு டைலரின் மாதச் சம்பளத்தை விழுங்கும் என்பதால் பலர் விண்ணப்பத்துக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். அந்தக் கட்டணத்தை மட்டும் கல்லூரிகளும் ஏற்றுமதியாளர்களும் ஏற்றுக்கொண்டால் இந்த ஊரிலிருந்து ஆண்டுக்குப் பத்துப் பேராவது போவார்கள்.

மொழிபெயர்க்கப் போன அந்த மாணவி இரண்டு ஆண்டு அந்த வேலையில் இருந்து, உதவித்தொகை வாங்கித் தொழிலாளர் சட்டம் படித்து, இப்போது ஐரோப்பாவில் தொழிலாளர் உரிமைக்கான ஓர் அமைப்பில் இருக்கிறாள். போன மாதம் இரவு பத்தரைக்குக் கூப்பிட்டாள். அங்கே மாலை நேரம். துணி எங்கிருந்து வருகிறது என்பதைக் கடைசிக் கண்ணி வரை காட்ட வேண்டும் என்று ஒரு கலந்தாய்வுக்கு எழுதிக்கொண்டிருந்தாளாம். கம்பெனி வரை விவரம் கிடைக்கிறது, தறிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. “நம்ம ஊர்ல பாவு பிணைக்கறவங்களுக்கு ஒரு பாவுக்கு என்ன கூலிங்க சார்? யாரு தர்றாங்க?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டு தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தும் தெரியவில்லை. காலையில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தறிக்கூடத்துக்குப் போனேன். ஓடாத ஒரு தறியின் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. ஆயிரக்கணக்கான இழைகள். கேட்டேன். நிமிராமலே திருப்பிக் கேட்டார்: “எத்தன இழைப் பாவுங்க? காடாவுங்களா, இல்ல வேறயிங்களா?” கூலி தறிக்காரர் தருகிறார். தறிக்காரருக்கு மீட்டர் கூலி ஜவுளி உற்பத்தியாளர் தருகிறார். பாவும் ஊடையும் அவருடையது. 2025இல் தறிகள் ஒரு மாதம் போல் நின்றதே, அது அந்த மீட்டர் கூலிக்காக. அந்த ஒரு மாதம் இவருக்குப் பிணைக்கப் பாவு இல்லை.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. அந்த அம்மாவிடம் இன்னும் நான்கு கேள்விகள் கேட்டுச் சொல்லச் சொல்லியிருந்தாள்.